அடைக்கலராஜின் எலிகள்

திண்டிவனத்தில் எங்கள் வீட்டு இணையம் மக்கர் பண்ணியபோது அடைக்கலராஜ் நான்கு தடவை வந்து நான்கு காரணங்கள் சொன்னார். முதல் தடவை கரண்ட். இரண்டாம் தடவை எலி. மூன்றாம் தடவை பல்லி. நான்காம் தடவை சொன்னது கிட்டத்தட்ட சரியான காரணம். அதற்குத்தான் நான் அவர் மேல் புகார் எழுதினேன்.

முதலில் என் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன். பெயர் அஸ்வினி. பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ். வீட்டில் இருந்தபடியே வேலை. ஆஸ்திரேலியாவில் வைஃபை பெட்டி வாங்கியவர்கள் அது வேலை செய்யவில்லை என்று போன் செய்வார்கள், நான் எடுத்துப் பேசுவேன். அவர்கள் ஊர் நேரத்துக்காகக் காலை ஐந்தரைக்கே ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். ஆறு வருடமாக இதுதான் பிழைப்பு. இந்த ஆறு வருடத்தில் மனிதர்களைப் பற்றி நான் கற்றது ஒன்றே ஒன்று. வயரைப் பிடுங்கியவன் எவனும் பிடுங்கினேன் என்று சொல்ல மாட்டான். "ஏதாவது கழற்றினீர்களா?" என்பது எங்கள் முதல் கேள்வி. "இல்லவே இல்லை" என்பது அவர்களுடைய முதல் பதில். முக்கால் மணி நேரம் போன பிறகு, மேசையை நகர்த்தினோம், தரைவிரிப்பு மாற்றினோம், நாய் இழுத்துவிட்டது என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். இந்தப் பொய்களை எங்கள் டீம் குரூப்பில் போட்டு விழுந்து விழுந்து சிரிப்போம். அதில் அதிகம் சிரிப்பது நான்தான்.

வீடு மாமனாருடையது. வேங்கடேசன் என்று பெயர், மல்லாட்டை மண்டி வைத்திருக்கிறார். நிலக்கடலை என்று யாராவது சொன்னால் வெளியூர்க்காரன் என்று முடிவு கட்டிவிடுவார். தரைத் தளத்தில் அவர், இரண்டாம் மாடியில் நான். நடுவில் முதல் மாடி சும்மா கிடக்கிறது, ஏனென்றால் மாமியார் என் நாத்தனாரின் பிரசவத்துக்காக விழுப்புரம் போய் ஆறு மாதம் ஆகிறது. என் கணவர் வல்லரசு சிங்கப்பூரில். பொங்கலுக்கு வந்தவர் சும்மா இருக்காமல், வீடு முழுக்க வைஃபை தடையில்லாமல் வர வேண்டும் என்று தளத்துக்கு ஒன்றாக, ஒன்றிடமிருந்து ஒன்று இணையத்தை வாங்கிக்கொள்ளும் மூன்று மெஷ் பெட்டிகள் வைத்தார். சுவருக்குள் வயர் ஓட்டி எல்லா வயரையும் மாடிப்படித் திருப்பத்தில் ஒரு அலமாரிக்குள் கொண்டுவந்து, எட்டு ஓட்டை உள்ள ஒரு ஸ்விட்ச்சில் செருகினார். விளக்குப் போடும் சுவிட்ச் அல்ல, வயர்களை ஒன்றோடொன்று பேச வைக்கும் இரும்புப் பெட்டி.

ஊர் உலகத்தில் எல்லோரும் வாங்கும் சாதா ஸ்விட்ச் என்றால் எந்த ஓட்டையில் எந்த வயரைச் செருகினாலும் ஒன்றுதான். இவர் வாங்கியது மேனேஜ்டு ஸ்விட்ச். அதில் ஒவ்வொரு ஓட்டைக்கும் தனி உத்தரவு போடலாம். முதல் நான்கு ஓட்டை வீட்டு இணையத்துக்கு, அடுத்த நான்கு கண்காணிப்புக் கேமராக்களுக்கு, இந்தப் பக்கத்துப் பேச்சு அந்தப் பக்கத்துக்குக் கேட்கவே கூடாது என்று உத்தரவு போட்டார். எதற்கு இவ்வளவு என்று கேட்டேன். செக்யூரிட்டி என்றார். மல்லாட்டை மூட்டைக்கு இந்தப் பாதுகாப்பு! சரி, எந்த ஓட்டை எதற்கு என்று ஒரு துண்டுச் சீட்டாவது எழுதி ஒட்டினாரா? இல்லை. எல்லா வயரும் ஒரே சாம்பல் நிறம். வேலையை முடித்துவிட்டு அலமாரி முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார், விமானம் ஏறிவிட்டார்.

ஒன்பது மாதம் நன்றாக ஓடியது. ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வேலையில் உட்கார்ந்த முதல் நாளே தொல்லை ஆரம்பித்தது. கீழே எல்லாம் பிரமாதம். இரண்டாம் மாடியில் மட்டும் போனில் சிக்னல் முழுசாகக் காட்டும், ஆனால் பேச ஆரம்பித்த பத்தாவது நிமிடம் என் குரல் கிணற்றுக்குள் போய்விடும். வைஃபை சரியில்லை என்று அழுகிறவர்களுக்கு ஆறுதல் சொல்ல உட்கார்ந்தவளின் வைஃபை அறுந்து அறுந்து விழுகிறது. டீம் லீடர் இரண்டு தடவை சிரித்தார், மூன்றாவது தடவை சிரிக்கவில்லை. நான் இணையக் கம்பெனிக்குப் போன் போட்டேன். அடைக்கலராஜ் வந்தார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வயது ஐம்பத்தொன்று. விழுப்புரத்திலிருந்து திருவாமாத்தூர் போகும் வழியில் ஒரு கிராமம், கத்தோலிக்கக் குடும்பம். பத்தாவதோடு படிப்பை விட்டுவிட்டுக் கேபிள் டிவிக்காரர் ஒருவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். மரத்திலும் கம்பத்திலும் ஏறி இறங்கியே இளமை போனது. டிவி வயர் போய் இணைய வயர் வந்தபோது, ஏணியோடு சேர்த்து அவரையும் புதுக் கம்பெனி எடுத்துக்கொண்டது. விழுப்புரத்தில் ஆபீஸ், திண்டிவனம் அவருடைய ஏரியா.

அவருடைய தொழில் ரகசியத்தைப் பிற்பாடு அவரே என்னிடம் சொன்னார். சேர்ந்த புதிதில் ஒரு ரைஸ் மில் முதலாளி வீட்டில் டிவி வரவில்லை என்று போயிருக்கிறார். மொட்டை மாடியில் கேபிள் துண்டாகக் கிடந்திருக்கிறது. பட்டம் விட்ட முதலாளி மகன், நூல் சிக்கிய கோபத்தில் கத்தரித்துப் போட்டிருந்தான். இவர் கீழே இறங்கி வந்து, நடுக்கூடத்தில், விருந்தாளிகள் இருக்கும்போது, "உங்க பையன்தாங்க கத்தரிச்சுட்டான்" என்று உண்மையைச் சொல்லிவிட்டார். கன்னத்தில் அறை விழுந்தது. அதோடு போகவில்லை, அந்தத் தெருவே வேறு கேபிளுக்கு மாறியது. கேபிள்காரர் இவரைக் கூப்பிட்டு, "இனிமே எவன் அறுத்திருந்தாலும் எலின்னு சொல்றா" என்று சொல்லிக்கொடுத்தார். அன்றிலிருந்து அடைக்கலராஜ் எந்த வீட்டிலும் எந்த மனிதரையும் குற்றம் சொன்னதில்லை. எலி, பல்லி, அணில், மின்னல், கரண்ட் ஆபீஸ், மழை. விழுப்புரம் மாவட்டத்தில் எலிகள் செய்யாத அட்டூழியத்தையெல்லாம் அவர் எலிகள் தலையில் எழுதியிருக்கிறார். யாரையும் எதையும் கழற்றினீர்களா என்று கேட்கக்கூட மாட்டார். கேட்டாலே குற்றம் சொன்ன மாதிரி ஆகிவிடுமாம்.

இது எனக்கு அப்போது தெரியாது. முதல் நாள் அவர் வந்து நின்றதும், என் முதல் கேள்வியை இவர் கேட்கப்போகிறார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. எல்லாவற்றையும் அணைத்துப் போட்டார். ஓடியது. "வோல்டேஜ் ஏறி இறங்கிக்கினு இருக்குது மேடம், வேற ஒன்னுமில்ல" என்று கிளம்பினார். அடுத்த நாள் காலை மறுபடியும் அறுந்தது. அடிப்படைக் கேள்வியைக் கேட்கத் தெரியாத ஆளெல்லாம் டெக்னீஷியன் என்று குரூப்பில் எழுதினேன். நிறைய சிரிப்புப் பொம்மைகள் விழுந்தன.

இரண்டாம் தடவை, வயரின் நுனியில் இருந்த பிளக்கை வெட்டிப் புதிது போட்டார். சோதிக்கும் கருவியை இரண்டு பக்கமும் மாட்டினார், வயர் நன்றாகத்தான் இருந்தது. இருந்தாலும் மாமாவிடம் போய் எலி என்றார். நம்பாமல் பார்த்த மாமாவுக்குத் தன் போனில் ஒரு செத்த எலியின் படத்தைக் காட்டினார். "இந்தச் சைசுக்கு இருக்குங்க. இதுங்கதான் வயர முட்டுது, கடிக்குது." அந்த எலி எங்கள் வீட்டு எலி அல்ல, எந்த ஊரில் எந்த வருடம் செத்ததோ. மாமா உடனே இரண்டு எலிப்பொறி வாங்கிவந்தார். ஒரு எலியும் விழவில்லை. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்து, பெருக்கித் துடைக்கும் பொன்னியின் கால் விரல்தான் ஒரு நாள் பொறியில் மாட்டியது.

மூன்றாம் தடவை முதல் மாடிப் பெட்டியை மேலேயும் மேல் மாடிப் பெட்டியை முதல் மாடிக்கும் மாற்றி வைத்துப் பார்த்தார். கோளாறு பெட்டியோடு நகரவில்லை, இரண்டாம் மாடியிலேயே நின்றது. அப்படியென்றால் பெட்டியில் குறை இல்லை என்று எனக்குத் தெரிந்தது, அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் ஏதாவது சொல்லாமல் போனால் அடைக்கலராஜுக்குத் தூக்கம் வராது. ஜன்னல் இடுக்கிலிருந்து முட்டை ஓடு ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "பல்லி மேடம். சூட்டுக்கு உள்ள போய்ப் படுத்துக்குது."

நான் சிங்கப்பூருக்குப் போன் செய்தேன். வல்லரசு அங்கிருந்தே ஸ்விட்ச்சைத் திறந்து பார்த்து, "எல்லா லைட்டும் பச்சைதான் எரியுது. நான் போட்ட செட்டிங்ல தப்பு வராது. அந்தாளை மாத்தச் சொல்லு" என்றார். நான் போட்ட செட்டிங்! வயர் செருகியிருந்தால் எந்த ஓட்டையிலும் பச்சைதான் எரியும் என்பதை அந்த மகாமேதையும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

நான்காம் தடவை, நான் புகார் போடாமல் தானாகவே வந்த அடைக்கலராஜ் நேராக மாடிப்படி அலமாரியைத் திறந்து ஸ்விட்ச் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"மேடம், இந்த டப்பாதான் பேஜாரு. இத எடுத்துட்டு சாதா ஸ்விட்ச் ஒன்னு போட்டுடலாம். வண்டியிலயே இருக்குது, ஜல்தியா மாட்டிடுவேன்."

"அண்ணா, இது என்னன்னு தெரியுமா உங்களுக்கு? மேனேஜ்டு ஸ்விட்ச்."

"தெரியும் மேடம். அதான் எடுத்துடலாங்கறேன்."

அவர் சொன்னபடி செய்திருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். சாதா ஸ்விட்ச்சுக்கு ஓட்டை பேதம் கிடையாது. ஆனால் என் தலையில் ஏறி நின்றது வேறு. மூன்று வாரமாகப் பல்லி முட்டை காட்டுகிற ஆள், என் வீட்டுக்காரர் சிங்கப்பூரிலிருந்து சுமந்து வந்ததை டப்பா என்கிறார். நான் யார் தெரியுமா, ஆறு வருடமாக நெட்வொர்க் லைனில் இருக்கிறேன் என்று ஆரம்பித்துத் தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். அவர் ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மேடம், ஒரே ஒரு விஷயம். ஒரே வீட்லேருந்து மாசத்துக்கு நாலு கம்ப்ளைன்ட் வந்தா பேரை எடுத்துடுவாங்க. இது மூணு ஆயிடுச்சு. நாலாவத மட்டும் போடாதீங்க. ரெண்டு நாள் குடுங்க, நான் யாரையாவது கேட்டுக்கினு வர்றேன். இந்த வயசுல இனிமே என்னை எவன் சேர்த்துப்பான்?"

அன்று சாயங்காலமே நாலாவதைப் போட்டேன். போனில் அல்ல, மெயிலில். நல்ல இங்கிலீஷில், பத்தி பிரித்து எழுதினேன். நானே இந்தத் துறையில் இருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், உங்கள் ஊழியருக்கு அடிப்படைகூடத் தெரியவில்லை என்று ஒரு வரி அதில் உண்டு. அந்த வரி எனக்கே ரொம்பப் பிடித்திருந்தது. அனுப்புவதற்கு முன் மூன்று தடவை படித்தேன்.

மறுநாள் மதியம் வேலை முடிந்து கீழே இறங்கினால் மாமா டிவி முன்னால் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தார். மழை தூறுகிறது, பின்பக்கம் தார்ப்பாய் மூடிக் கிடக்கும் மூட்டைகளைப் பார்க்கலாம் என்று கேமராவைப் போட்டிருக்கிறார். வாசல் கேமரா தெரிகிறது, பின்பக்கக் கேமரா கறுப்பாக இருக்கிறது. "இதுவும் எலியா பாரும்மா" என்றார். மூன்று வாரமாகக் கறுப்பாக இருப்பதை அன்றைக்குத்தான் கவனித்திருக்கிறார். செக்யூரிட்டி!

பதிவைப் பின்னால் ஓட்டிப் பார்த்தேன். கடைசிப் படம் ஆயுத பூஜை அன்று காலை பதினொன்று பத்துக்கு நின்றிருந்தது. மாடிப்படி ஏறிப்போய் அலமாரியைத் திறந்தேன். ஸ்விட்ச்சின் நெற்றியில் காய்ந்துபோன சந்தனம், அதன் மேல் குங்குமம். மூன்று பொட்டு. வைத்த விரல் என்னுடையது.

பூஜை அன்று மாமியார் விழுப்புரத்திலிருந்து போனில் உத்தரவு போட்டுக்கொண்டே இருந்தார். "எல்லா மிஷினுக்கும் வெச்சியாம்மா? ஒன்னையும் விடக்கூடாது." மிக்சி, கிரைண்டர், ஃபிரிட்ஜ், ஸ்கூட்டர், இன்வெர்ட்டர், என் லேப்டாப், எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்துப் பொட்டு வைத்தேன். பொன்னி அதற்கு முதல் நாளே பனமலைப் பக்கம் தன் ஊருக்குப் போய்விட்டாள், அதனால் துடைப்பதும் என் தலையில்தான். ஸ்விட்ச்சையும் துடைத்தேன். ஈரத்துணியால் துடைக்க வேண்டுமென்றால் வயர்களைக் கழற்றாமல் எப்படி? ஆறையும் கழற்றினேன், துடைத்தேன், பொட்டு வைத்தேன், பக்தியோடு திரும்ப மாட்டினேன். மேல் மாடி வயரைக் கேமராவின் ஓட்டையிலும், பின்பக்கக் கேமராவை மேல் மாடியின் ஓட்டையிலும். வயர் வழி அடைத்துக்கொண்டதால் என் மாடிப் பெட்டி கான்கிரீட் தளத்தைத் துளைத்துக் கீழ்ப் பெட்டியிடமிருந்து காற்றிலேயே தட்டுத்தடுமாறி வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால் நான் மறைக்கவில்லை. எனக்கு ஞாபகமே வரவில்லை. அது பூஜை. பூஜை செய்தோம் என்று நினைத்தேனே ஒழிய, வயரைக் கழற்றினோம் என்று ஒரு நொடிகூட நினைக்கவில்லை. அடைக்கலராஜ் கேட்டிருந்தாலும் "இல்லவே இல்லை" என்றுதான் சத்தியம் செய்திருப்பேன். அந்தப் பொட்டை அவரும் நான்கு தடவை பார்த்தார். அவருடைய ஏணியிலும் அதே பொட்டுதான் இருந்தது, கம்பெனியில் வைத்தது. நம் ஊரில் பொட்டு வைத்த மிஷினைப் பார்த்து எவன் சந்தேகப்படுவான்?

இரண்டு வயரையும் இடம் மாற்றிச் செருகினேன். பத்து வினாடி. மேலே இணையம் பறந்தது. கீழே பின்பக்கக் கேமரா உயிர் பெற்று, தார்ப்பாய் மேல் ஒரு நாய் சுருண்டு படுத்திருப்பதைக் காட்டியது. மாமா என்ன ஆச்சு என்று கேட்டார். "ஒரு வயரு லூசா இருந்துச்சு மாமா" என்றேன். அத்தனை சரளமாக வந்தது பொய்.

அடைக்கலராஜுக்குப் போன் செய்து சரியாகிவிட்டது என்று மட்டும் சொன்னேன். "சந்தோஷம் மேடம்" என்றார். அப்புறம், "நாளைக்குப் பத்து மணிக்கு ஆபீசுக்கு வந்து ஏணி, பை எல்லாத்தையும் ஒப்படைச்சுட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லிட்டாங்க" என்றார். குரலில் கோபம்கூட இல்லை, அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. நாளைக்கு நானே வந்து சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். மறுநாள் லீவு போட்டு விழுப்புரம் பஸ் ஏறினேன். நான்தான் கழற்றினேன் என்று வழி முழுக்க மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். சுலபமான வாக்கியம்தான், இரண்டே சொல்.

பஸ் ஸ்டாண்டில் இருந்து ஷேர் ஆட்டோவில் போகும் தூரத்தில் ஒரு மாடியில் ஆபீஸ். மேனேஜருக்கு என் வயசுதான் இருக்கும். அடைக்கலராஜ் ஏணியைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஓரமாக நின்றார். வரிசையில் புதுக் கனெக்ஷன் கேட்டு ஏழெட்டுப் பேர். நான் பேரைச் சொன்னதும் மேனேஜர் எழுந்து நின்று நாற்காலி போடச் சொன்னார். அவர் திரையில் என் மெயில் திறந்திருந்தது.

"மேடம், உங்க மெயில நாங்க மீட்டிங்லயே வாசிச்சோம். நீங்க இதே லைன்ல இருக்கறவங்க. உங்களுக்குத் தெரியாததா? என்னா ப்ராப்ளமா இருந்துச்சு மேடம்?"

"வயரு ஓட்டை மாறியிருந்துச்சு சார். இவர் மேல தப்பு இல்ல."

"ஓ. யாரு மாத்தினது?"

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். இதே லைனில் இருப்பவள் என்று மேனேஜர் சொன்னதைக் கேட்டு மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வழி முழுக்கச் சொல்லிப் பார்த்த இரண்டு சொல்லை விட்டுவிட்டுக் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினேன். அடைக்கலராஜ் முன்னால் வந்தார். முப்பது வருடப் பழக்கம். வீட்டுக்காரர் தடுமாறுவதைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது.

"வீட்ல வேலை செய்ற அம்மா தொடைக்கிறப்ப கழட்டி மாட்டியிருப்பாங்க சார்."

மேனேஜர் என்னைப் பார்த்தார். "அப்படியா மேடம்?"

"இருக்கலாம்" என்றேன்.

மேனேஜர் கம்ப்யூட்டரில் தட்டினார். வாடிக்கையாளர் வீட்டுப் பணியாளர் தவறு, ஊழியர் மேல் குறை இல்லை. அடைக்கலராஜின் பெயர் பிழைத்தது. ஏணியோடு கீழே இறங்கி வந்தவர் டீக்கடையில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். ரைஸ் மில் கதையை அங்கேதான் சொன்னார். நான் கிளாசைக் கீழே வைத்தேன்.

"எலின்னே சொல்லியிருக்கலாமேண்ணா."

"எலின்னா நம்ப மாட்டான் மேடம் இவன். படிச்சவன்." அவர் கிளாசைக் கழுவி வைத்தார். "நான் பேரு ஒன்னும் சொல்லலையே. அந்தம்மாவுக்கு என்னா ஆவப்போவுது?"

நான் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தபோதே ஆகிவிட்டது. கனெக்ஷன் மாமா பெயரில் இருக்கிறது. பொறுப்பான அந்த மேனேஜர் மாமாவுக்குப் போன் செய்து, உங்கள் வீட்டு வேலைக்காரம்மாவை ஸ்விட்ச் பக்கம் விடாதீர்கள் என்று அறிவுரை சொல்லியிருக்கிறார். நான் வீட்டுக்குள் நுழையும்போது மாமா செய்தித்தாளை மடித்துக்கொண்டே, "பொன்னிய நிறுத்திட்டேம்மா. மூணு வாரம் உன் வேலையையே கெடுத்துட்டுப் போயிருக்கா, வாயத் தொறந்து சொன்னாளா பாரு" என்றார். நல்ல காரியம் செய்த முகம். நான் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மேலே போனேன்.

பதினோரு நாள் வாயைத் திறக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் சொன்னேன். மனசாட்சி என்று எழுத ஆசைதான். விடியற்காலையில் எழுந்து பாத்திரம் தேய்த்துவிட்டு ஐந்தரைக்கு ஹெட்போன் மாட்டியதும் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பூஜை அன்றைக்கு நான்தான் கழற்றினேன் மாமா, பொன்னி ஊரிலேயே இல்லை என்றேன். வானம் இடியும் என்று எதிர்பார்த்தேன். அவர் ரசத்தை உறிஞ்சிவிட்டு, "நீயா? சாமி காரியத்துல பண்ணதுதான, போவுது விடு" என்றார். அவ்வளவுதான். இதற்குப் பயந்துதான் நான் அந்த ஆபீசில் ஊமையாக நின்றேன். பொன்னியைத் திரும்பக் கூப்பிடலாமா என்று கேட்டதற்கு, "தெரு முழுக்கச் சொல்லியாச்சு. இப்ப போய்க் கூப்புட்டா நல்லாவா இருக்கும்?" என்று கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்.

நானே தேடிக்கொண்டு போனேன். இரண்டு தெரு தள்ளி ஒரு வாத்தியார் வீட்டு வாசலில் பொன்னி தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வாளியை வைத்துவிட்டு, "நெட்டு நல்லா வருதாம்மா?" என்று கேட்டாள். நிஜமான அக்கறையோடு கேட்டாள். தப்பு உன்னுடையது இல்லை, நான்தான் கழற்றினேன், திரும்பி வந்துவிடு என்று சொன்னேன். முழுசாகக் கேட்டாள். கோபப்படவில்லை.

"இருக்கட்டும்மா. அந்த டப்பா எங்க இருக்குதுன்னே எனக்குத் தெரியாது. அத அன்னைக்கே அய்யாகிட்ட சொன்னேன்" என்றாள். பிறகு வீட்டுக்குள் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள். "இங்கயும் விசாரிச்சாங்க. கம்ப்யூட்டர் ரூமுக்குள்ள கால் வைக்க மாட்டேன்னு சாமி படத்து மேல சத்தியம் பண்ண பொறவுதான் சேர்த்துக்கினாங்க. நீங்க இங்க நின்னு பேசாதீங்கம்மா, பாத்தா ஏதாவது நெனச்சுக்குவாங்க."